லண்டன் பட்டமும் அல்சூர் மெஷினும்

மர்பி டவுன், பெங்களூர்
8-2-1959

அன்புள்ள அண்ணாவுக்குத் தனக்கோடி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

ஒரு சேதி. என்னை டைப்பிங் ஹாலிலிருந்து எடுத்து, சர்ட்டிபிகேட் சரிபார்க்கும் செக்‌ஷனில் போட்டிருக்கிறார்கள். இன்ஜினியர், ஓவர்சியர் வேலைக்கு மனுப் போடுகிறவர்களின் பட்டமெல்லாம் எங்கள் மேஜைக்கு வந்துதான் மேலே போகும். சூப்பரின்டெண்ட் அனந்தலக்ஷ்மி அம்மாள். மூன்று தலைமுறையாக மைசூர் அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். மர்பி டவுன் என்றதும் என்ன சாதி என்று தெரிந்து முகம் மாறும் என்று எண்ணிக்கொண்டு போனேன். நாற்காலியைக் காட்டி, "உக்காரு. உனக்குக் கண்ணு நன்னாத் தெரியுமோல்லியோ? இங்க அதுதான் வேணும்" என்றார்கள். அவ்வளவுதான்.

நீ எழுதும் கடிதம் பகல் தபாலில் வருகிறது. நான் ஆபீசில் இருப்பேன். அம்மாவுக்கு நான் வரும்வரை பொறுக்காது. பக்கத்து வீட்டுச் சந்திரம்மா அக்காவைக் கூப்பிட்டு, குழாயடியில் வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறாள். தெருவே கேட்கிறது. உனக்கு நாற்பது பேர் சலாம் போடுகிற பத்தியைப் போன தடவை மூன்று முறை வாசித்தார்களாம். இந்தத் தெருவில் தபாலிலேயே படித்து லண்டன் பட்டம் வாங்கியவன் நீ ஒருவன்தானே, அவள் பெருமைக்கு என்ன குறைச்சல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தங்கை தனக்கோடி

---

அணைக்கட்டு முகாம், மத்தியப் பிரதேசம்
22-2-1959

என் அருமைக் கோடிக்கும் அம்மாவுக்கும் கோவிந்தன் எழுதுவது. தண்ணீர் ஒத்துக்கொள்கிறது. ரொட்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை. எலும்பும் தோலுமாக இல்லை, அம்மா கவலைப்பட வேண்டாம்.

தங்கச்சி, சர்ட்டிபிகேட் செக்‌ஷன் என்றால் சும்மாவா? பெரிய பெரிய ஆட்களெல்லாம் உன் பென்சிலுக்குப் பயப்படுவார்கள். சின்ன வயதிலேயே அரிசியில் ஒரு கல் விடமாட்டாய் நீ. சந்திரம்மா அக்கா, இதை நன்றாக உரக்க வாசியுங்கள், என் தங்கைக்கு இருக்கிற கண் எனக்குக்கூடக் கிடையாது.

இங்கே வேலை மும்முரம். கான்கிரீட் கலவை மெஷின் இரண்டு நின்றுபோய், கம்பெனி ஆள் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். நானே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி ஒரே நாளில் ஓடவிட்டேன். "இன்ஜினியர் சாப் கையில் கிரீஸ்" என்று பையன்கள் சிரித்தார்கள். மெஷின் என்று வந்துவிட்டால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். பேப்பர் வேலைதான் கொஞ்சம் தலைவலி.

அம்மா காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடு.
கோவிந்தன்

---

மர்பி டவுன்
15-3-1959

அன்புள்ள அண்ணாவுக்கு, நாங்கள் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை ஒரு மனு வந்தது. ஆளுக்கு லண்டன் பட்டம். "கிரேட் ஆல்பியன் யூனிவர்சிட்டி" என்று தங்க நிறத்தில் உள்ளங்கை அகல முத்திரை. கூடவே மார்க் பட்டியல். அதோடு, பிரிகேட் ரோட்டில் "ஈஸ்டர்ன் ஈக்விவேலன்ஸ் பீரோ" என்று ஒன்று இருக்கிறதாம், அது கொடுத்த கடிதம். இந்தப் பட்டம் நம் ஊர் பி.இ.க்குச் சமம் என்று எழுதியிருந்தது. எனக்குப் பார்த்ததும் மரியாதைதான் வந்தது. அனந்தலக்ஷ்மி அம்மாள் முத்திரையைப் பார்க்கவே இல்லை.

"இங்க பாரு தனக்கோடி. எங்க படிச்சான், யார் சொல்லிக் கொடுத்தா, யார் பரீட்சை வெச்சா? இந்த மூணும் இதுல எங்கயாவது இருக்கா? அனுபவத்தை மெச்சிக் குடுத்த பட்டம்னு போட்டிருக்கு. அப்புறம், சமம்னு சொல்ல இந்த பீரோகிட்டத்தான் போகணும்னு அந்த யூனிவர்சிட்டியே அச்சடிச்சுக் குடுத்திருக்கு. கடைக்காரனே தராசையும் கொண்டு வரான்னா நாம நின்னு பாக்கணும். ஸ்வல்ப தாளு, அவசரப்படாதே" என்றார்கள்.

நான் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மார்க் பட்டியல் மூன்று வருடம் முன்பு லண்டனில் அடித்தது. பீரோ கடிதம் போன வருடம் பிரிகேட் ரோட்டில் அடித்தது. இரண்டிலும் ஜி எழுத்து மட்டும் வரியை விட்டு நெல் அளவு கீழே இறங்கியிருக்கிறது. எண்ணினேன், இருபத்தாறு ஜி, இருபத்தாறும் அப்படித்தான். "அம்மா, பட்டம் கொடுத்தவரும் பட்டத்தை மதிப்புப் போட்டவரும் ஒரே மெஷினில் அடித்திருக்கிறார்கள்" என்றேன். அனந்தலக்ஷ்மி அம்மாள் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "இருபது வருஷமா இந்த மேஜையில இருக்கேன். எனக்கு இது தோணினதில்லே" என்றார்கள். எனக்குக் காது சுட்டது.

வீட்டில் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "நம்ம கோவிந்தன் பட்டமும் லண்டனாண்ட இருந்துதானேடி வந்துச்சு?" என்றாள். லண்டன் பெரிய ஊர் அம்மா என்று சொன்னேன்.

தங்கை தனக்கோடி

---

அணைக்கட்டு முகாம்
10-4-1959

அன்புத் தங்கைக்கு, சுகம். வெயில் ஏறிவிட்டது. வேலை அதிகமாக இருந்ததால் பதில் தாமதம்.

உன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் ஒன்று. பழைய மெஷின் எல்லாவற்றிலுமே ஏதாவது ஒரு எழுத்து இறங்கத்தான் செய்யும். அதை வைத்து ஒரு ஆளைப் பிடிக்க முடியுமா? அந்த மனுக்காரன் நிஜமாகவே வேலை தெரிந்தவனாக இருக்கலாம். காலேஜுக்குப் போக வழியில்லாமல் இருந்திருக்கலாம். அவனை என்ன செய்வார்கள்?

அம்மாவுக்கு என் வணக்கம்.
கோவிந்தன்

---

மர்பி டவுன்
26-4-1959

அன்புள்ள அண்ணாவுக்கு, அம்மா சுகம், நான் சுகம். உன் கடிதம் சின்னதாக இருந்ததால் சந்திரம்மா அக்கா இரண்டு தடவை வாசித்தும் அம்மாவுக்குப் போதவில்லை.

நீ கேட்டதையே நான் அனந்தலக்ஷ்மி அம்மாளிடம் கேட்டேன். கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "வேலை தெரிஞ்சவனா இருக்கலாம். தெரிஞ்ச வேலைய அந்தப் பேர்ல பண்ணட்டும், நானே சிபாரிசு எழுதறேன். கணக்குத் தெரியாதவன் கையெழுத்துப் போட்ட பாலத்து மேல ஸ்கூல் பசங்க நடப்பா தனக்கோடி. அந்தக் குழந்தைகள் சர்ட்டிபிகேட் பாத்துட்டா நடக்கும்?"

லண்டனில் இருக்கும் நம் ஹைகமிஷனுக்கு எழுதிக் கேட்டிருந்தோம். பதில் வந்துவிட்டது. காமன்வெல்த் யூனிவர்சிட்டிகள் எல்லாம் இருக்கிற தடிப் புத்தகத்தில் அந்தப் பெயர் கிடையாது. ஆள் அனுப்பிப் பார்த்தார்களாம், அந்த விலாசத்தில் ஒரு முடிவெட்டும் கடை. மாடிப்படியில் ஒரு தபால் பெட்டி. வரும் கவரைப் பிரித்து, உள்ளே இருப்பதை இங்கிலாந்து ஸ்டாம்பு ஒட்டி மறுபடி தபாலில் போட ஒரு ஆள் வருவானாம். காகிதமெல்லாம் இங்கிருந்தே போய் இங்கேயே திரும்பி வந்திருக்கிறது. பிரிகேட் ரோட்டு பீரோவையும் நானே போய்ப் பார்த்தேன், தையல் கடைக்குப் பின்னால் ஒரு போர்டு, பூட்டிய கதவு. பழைய பைல்களைக் கிளறியதில் இதே பட்டம் இன்னும் பதினொன்று அகப்பட்டது.

மெஷினும் தெரிந்துவிட்டது. அல்சூர் ஸ்டார் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஜன்னலோரம் இருக்கும் மூன்றாம் நம்பர் மெஷின். நான் அதில் பதினெட்டு மாதம் பழகியவள். நீயும் பட்டறை ஷிப்ட் முடிந்து சாயங்காலங்களில், அதை நடத்தும் சின்னப்பா மாஸ்டருக்கு ஒத்தாசையாக அங்கே உட்கார்ந்தவன். அந்த ஜி உனக்கும் ஞாபகம் இருக்கும்.

அம்மாவிடம் எந்த மெஷின் என்று சொல்லவில்லை.

தங்கை தனக்கோடி

---

மர்பி டவுன்
12-7-1959

அன்புள்ள அண்ணாவுக்கு, நீ நன்றாக இருக்கிறாயா? பதினோரு வாரம் ஆகிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா எழுந்து நிற்கிறாள், அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுதிப்போட்டால் எனக்குப் போதும்.

கேஸ் விஷயம். செப்டம்பர் முப்பதாம் தேதி பைல் போலீசுக்குப் போகிறது. சின்னப்பா மாஸ்டர் ஒரு பட்டத்தையும் தன் கையால் அடிக்கவில்லையாம், ஆட்களை வைத்து அடித்திருக்கிறார். அந்த முப்பதாம் தேதிக்கு முன்னால் தானாக வந்து நடந்ததைச் சொல்கிறவர்களை, குற்றவாளியாக இல்லாமல் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று அனந்தலக்ஷ்மி அம்மாள் சட்ட இலாகாவிலிருந்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதற்காக நாலு தடவை மாடி ஏறி இறங்கினார்கள். அவர்களுக்கு ஆஸ்துமா. யாருக்காக இவ்வளவு என்று மற்றவர்கள் கேட்டார்கள். அம்மாள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு மட்டும் எழுத வேண்டியது ஏதாவது இருந்தால் என் ஆபீஸ் விலாசத்துக்கு எழுது. கீழே கொடுத்திருக்கிறேன். அங்கே என் கவரை என்னைத் தவிர யாரும் பிரிப்பதில்லை.

உன் தங்கை
கோடி

---

அணைக்கட்டு முகாம்
3-8-1959

கோடி, உன் ஆபீஸ் விலாசத்துக்கே எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

இந்தக் கேஸைப் பற்றி நீ மூன்று கடிதம் எழுதினாய். ஜி எழுத்தைப் பற்றி எழுதினாய், மெஷினைப் பற்றி எழுதினாய், மாஸ்டரைப் பற்றி எழுதினாய். ஏ எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பட்டறையில் நசுங்கிய என் இடது சுண்டுவிரலுக்கு அழுத்தம் கிடையாது என்று உனக்குத் தெரியும். ஏ அடிக்கிற விரல் அதுதான். நான் அடித்த எந்தக் காகிதத்திலும் ஏ மங்கித்தான் விழும். ஜியைப் பார்த்த உன் கண் ஏ எழுத்தைப் பார்க்காமல் விட்டிருக்காது. எப்போதிலிருந்து உனக்குத் தெரியும்?

நான்தான் அடித்தேன். முதலில் மாஸ்டர் கொடுத்ததை அடித்தேன், என்னவென்று கேட்கவில்லை. பத்து, பன்னிரண்டு ஆன பிறகு என்னவென்று தெரிந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. மொத்தம் முப்பத்து நாலு. முப்பத்து ஐந்தாவதில் என் பெயரை அடித்துக்கொள்ளச் சொன்னார், "உன் கைக்கு இது தகும்பா" என்றார். தகும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். பதினாலு வயதிலிருந்து மெஷினைப் பிரித்துக் கோத்தவன், காலேஜ் பையன்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர். தபாலில் படித்து வாங்கினேன் என்று அம்மாவிடமும் உன்னிடமும் பொய் சொன்னேன்.

ஜூன் மாதம் எக்ஸிகியூடிவ் இன்ஜினியர் ஊற்றப் போகும் ஒரு ஸ்லாபின் படத்தைக் காட்டி, கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்குப் போடத் தெரியவில்லை. கீழே இருக்கும் ஜூனியர் போட்டதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கான்கிரீட் விழ ஆரம்பித்தபோது அந்தப் பலகைக்கு அடியில் பதினெட்டுப் பேர் நின்றார்கள். நானும் போய் அடியிலேயே நின்றுகொண்டேன். விழுந்தால் என் மேலும் விழட்டும் என்று. ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை கோடி.

நான் என்ன செய்யட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

கோவிந்தன்

---

பெங்களூர்
9-8-1959

அண்ணா, உன் கடிதத்தை ஆபீஸ் பின்கட்டில் நின்று வாசித்தேன். அழுதேன். சுகமாக இல்லை என்று நிஜத்தை எழுதியிருக்கிறாயே, அதுவே எனக்குச் சுகம்.

முதல் நாளே தெரியும். ஜிக்கு முன்னால் ஏ எழுத்துதான் கண்ணில் பட்டது.

என்ன செய்யட்டும் என்று கேட்டாய். சொல்லமாட்டேன். நான் சொல்லி நீ செய்தால் அது நான் செய்தது ஆகிவிடும். அம்மாவிடம் நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன். அவள் நேராகக் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன், அதை இப்போதே உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

பலகைக்கு அடியில் போய் நின்றாய் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பதினெட்டுப் பேருக்கு நீ நின்றதால் ஒரு லாபமும் இல்லை. எனக்குத் திட்டத்தான் தோன்றியது. ஆனாலும் அந்த இடத்தில் நின்றவன் என் அண்ணன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிடு. வெறும் வயிற்றில் எதையும் முடிவு செய்யாதே.

கோடி

---

அணைக்கட்டு முகாம்
5-9-1959

பாசமுள்ள அம்மாவுக்கு உன் மகன் கோவிந்தன் காலைத் தொட்டு எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

சந்திரம்மா அக்கா, இந்தக் கடிதத்தையும் குழாயடியில் வைத்தே வாசியுங்கள். எப்போதும் போல உரக்க வாசியுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம்.

அம்மா, நான் இன்ஜினியர் இல்லை. லண்டனில் அப்படி ஒரு யூனிவர்சிட்டியே இல்லை. அந்தப் பட்டத்தை அல்சூரில் சின்னப்பா மாஸ்டர் மெஷினில் நானே அடித்தேன். இன்னும் முப்பத்து நாலு பேருக்கும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். உன்னையும், தெருவில் எல்லாரையும் ஏமாற்றினேன். தங்கச்சி ஆபீசில் பிடித்த கேஸ் இதுதான்.

போன மாதம் இருபதாம் தேதி எக்ஸிகியூடிவ் இன்ஜினியரிடம் போய்ப் பட்டத்தை மேஜையில் வைத்து எல்லாம் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதியும் கொடுத்தேன். அதோடு ஒன்று கேட்டேன், நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு ஸ்லாபையும் மறுபடி சோதித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் வெகுநேரம் என்னைத் திட்டினார். பிறகு சோதித்தார்கள், பன்னிரண்டு நாள் ஆனது, நானே ஏணி பிடித்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் உறுதி. அந்த ஒன்றை இடித்துவிட்டார்கள். அதன் மேல் யாரும் ஏறுவதற்கு முன்னால் இடித்துவிட்டார்கள் அம்மா.

வாக்குமூலம் கொடுக்கப் பெங்களூர் வருகிறேன். யார் யாருக்கு அடித்தேன் என்று ஞாபகம் இருக்கிற பெயரெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். கேஸ் முடிந்த பிறகு வந்தால், கலவை மெஷின் மெக்கானிக்காகச் சேர்த்துக்கொள்ளப் பார்ப்பதாக அவர் சொன்னார். நிச்சயமில்லை.

வீட்டுக்குள் விடுவாயா என்று எழுதச் சொல்.

உன் மகன்
கோவிந்தன்

---

மர்பி டவுன்
13-9-1959

என் அண்ணாவுக்கு, எல்லாரும் சுகம். இதை எழுதும்போது அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள்.

நேற்று சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். நான் தெருவில் திரும்பும்போதே சந்திரம்மா அக்கா குரல் கேட்டது. குழாயடியில் பதினைந்து குடம் வரிசையில் இருந்தது, யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. "நான் இன்ஜினியர் இல்லை" என்ற இடத்தில் அக்கா நிறுத்திவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தார்கள். அம்மா, "நிறுத்தாதன்னுதான் எழுதிக்கீறானே, படிம்மா" என்றாள். கடைசி வரை வாசித்தார்கள். வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அம்மா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அம்மா கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே வந்து படுத்துவிட்டாள். விளக்கு வைக்கும்போது எழுந்து, "இடிச்சாங்களே ஒண்ணு, அதும் மேல யாரும் ஏறலியே?" என்று கேட்டாள். ஏறவில்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். பிறகுதான் அழுதாள். "உள்ள உடுவியான்னு கேக்குறான் பாரு. எந்த ரயிலுன்னு எழுதச் சொல்லு, நான் ஸ்டேஷனுக்கு வரேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

இனிமேல் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது. மார்ச் மாதம் அந்த இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்த அன்றைக்கே அனந்தலக்ஷ்மி அம்மாளிடம், "இதை அடித்தது என் அண்ணன்" என்று சொல்லிவிட்டேன். உன் பெயர், உன் முகாம் விலாசம், அதோடு என் ராஜினாமா, மூன்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். பைல் போலீசுக்குப் போகும் வரை பிரிக்க வேண்டாம், அதற்குள் அண்ணன் தானாகவே வருவார் என்றேன். அவர்கள் கவரை வாங்கி மேஜை டிராயரில் பூட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பைலைத் திறக்கும்போது, தலை நிமிராமல், "வருவானா?" என்று கேட்பார்கள். வருவார் என்பேன். நீ எழுதாமல் இருந்த பதினோரு வாரமும் கேட்டார்கள். எனக்கு நம்பிக்கை போய்விட்ட வாரங்கள் உண்டு அண்ணா. அந்த வாரங்களிலும் வருவார் என்றுதான் சொன்னேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. அவர்கள் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லப் போகிறேன்.

உன் தங்கை
தனக்கோடி